சின்னப் பிள்ளையின் நீண்ட தூர ஓட்டத் திறன்: எடை போடுவது எப்படி, வளர்ப்பது எப்படி

எட்டு வயதுப் பிள்ளையை ஒரு கிலோமீட்டர் ஓடவிட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து "இவனுக்கு ஓட்டம் வரும்", "இவளுக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுவது சுலபம். அந்த நேரத்துக்குள் என்னென்ன கலந்து கிடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. உடம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வேகத்தைப் பங்கிட்டு ஓடத் தெரிகிறதா, அன்றைக்கு ஓட மனசு இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். திறமை அதற்கும் அடியில் எங்கோ இருக்கிறது. அதைத் தோண்டியெடுக்க ஒரு நாள் போதாது. ஆறேழு மாதம் வேண்டும்.

இந்த வழிகாட்டி ஏறக்குறைய 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதற்கும் கீழே உள்ளவர்களுக்குச் சோதனையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஓடிப் பிடித்து விளையாடட்டும்.

முதலில் உடம்பைப் பற்றி

உடல் எடைக்குக் கணக்கிட்டால், பிள்ளையின் உடம்பு இழுக்கக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு ஆரோக்கியமான பெரியவருக்குச் சளைத்ததல்ல. ஆனால் செலவு அதிகம். கால் குட்டை, எடுத்து வைக்கும் எட்டும் குட்டை. பெரியவர் இரண்டு எட்டு வைக்கும் இடத்தில் பிள்ளை மூன்று வைக்கிறது. அதே வேகத்தில் ஓட ஒரு கிலோ எடைக்குப் பிள்ளைக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அப்பாவோடு சேர்ந்து ஓடும் பிள்ளை சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பலரையும் பயமுறுத்துவது இதயத் துடிப்பு. வேகமாக ஓடும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 200 துடிப்பு வந்தாலும் அது இயல்பே. 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் சிவப்பில் எச்சரிக்கை காட்டினால், அது பெரியவர்களை மனதில் வைத்துச் செய்த எச்சரிக்கை என்று புரிந்துகொள்ளுங்கள். வாட்ச்சைவிட நம்பகமான அளவுகோல் பேச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது பந்தய வேகம்.

வெயில் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குத் தோல் பரப்பு அதிகம். சுற்றியுள்ள சூடு உடம்பை விட அதிகமாக இருக்கும்போது வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். வியர்ப்பதும் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் கவனிக்காது. காலையில் அல்லது வெயில் சாய்ந்த பிறகுதான் ஓட்டம்.

படி 1: ஓடவிடுவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா, நெஞ்சு வலித்ததுண்டா, நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்ததுண்டா, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்ததுண்டா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே ஓட்டம். ஓடி முடித்து ஐந்து பத்து நிமிடத்தில் இருமலோ வீசிங்கோ வருகிறது என்றால் ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது, ஆஸ்துமாவோடு ஒலிம்பிக் வரை போனவர்கள் நிறையப் பேர். கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தப் பிள்ளை தனக்கு ஸ்டாமினா இல்லை என்று தானே முடிவுகட்டிவிடும். எப்போதும் சோர்வாக, வெளிறிப்போய் இருக்கும் பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்ப்பது நல்லது. காய்ச்சல் இருக்கும்போது ஓட்டம் கூடவே கூடாது. விட்டபிறகும் இரண்டு மூன்று நாள் விளையாட்டில் பழைய சுறுசுறுப்பு திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: இரண்டு வாரம் சும்மா பாருங்கள்

ஸ்டாப்வாட்ச்சைத் தொடாதீர்கள். மைதானத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போது ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். முதல் பத்து நிமிடத்தில் யார் வேகம் என்பது முக்கியமில்லை. நாற்பதாவது நிமிடத்தில் இன்னும் யார் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்? மூச்சு வாங்கி நின்ற பிள்ளை எவ்வளவு நேரத்தில் தானாக மறுபடி ஓடத் தொடங்குகிறது? நடந்து போகக்கூடிய இடத்துக்கும் ஓடிப் போகிறதா? அடுத்த நாள் காலையில் கால் வலிக்கிறது என்கிறதா, இல்லை வழக்கம்போல் எழுந்து ஓடுகிறதா? இந்த நான்கையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். பிற்பாடு எந்தச் சோதனை முடிவைப் படிக்கும்போதும் இந்த நோட்டுதான் துணை.

படி 3: அளந்து பார்ப்பது

தேவையானவை அதிகமில்லை. மண் அல்லது புல் தரையில் சமதளமான ஒரு வட்டம், 50 மீட்டர் டேப், எட்டு கூம்புகள், ஒவ்வொரு சுற்று நேரத்தையும் பதியும் ஸ்டாப்வாட்ச், ஒரு கைப்பிடி ரப்பர் பேண்ட். டேப்பை வைத்து 200 மீட்டர் வட்டம் அளந்து கூம்பு வையுங்கள். ஃபோனின் ஜிபிஎஸ்ஸை நம்பி அளக்க வேண்டாம். சின்ன வட்டத்தில் வளைவுகளை வெட்டி அளந்து தவறான தூரம் காட்டும். சுற்று எண்ணிக்கையில் பிள்ளை குழம்பாமல் இருக்க, எத்தனை சுற்றோ அத்தனை ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிவிட்டு, சுற்றுக்கு ஒன்றாகக் கழற்றிப் போடச் சொல்லுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் வார்ம்-அப்: மெதுவான ஓட்டம், குதித்தல், முழங்காலை உயர்த்தி நடத்தல், கடைசியில் 40 மீட்டர் கொஞ்சம் வேகமாக இரண்டு முறை.

தூரம் வயதைப் பொறுத்தது. 6–7 வயதுக்கு 400 முதல் 600 மீட்டர், 8–9 வயதுக்கு 800 முதல் 1,000, 10–12 வயதுக்கு 1,200 முதல் 1,600. "வேகமா ஓடு" என்று சொல்லாதீர்கள். "நிற்காமல் முடிக்கிற மாதிரி ஓடு, நடக்கணும்னு தோணினா நடக்கலாம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்று நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடித்தவுடன் 15 வினாடி நாடி பிடித்து எண்ணி நான்கால் பெருக்குங்கள். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இந்த இரண்டு எண்ணையும் வேறு பிள்ளையோடு ஒப்பிடாமல், இதே பிள்ளையின் அடுத்த சோதனையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பள்ளிகளில் 20 மீட்டர் ஷட்டில் ஓட்டம் வைப்பார்கள். பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் இங்கும் அங்கும் ஓட வேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடிக்கொண்டே போகும். பெரிய பிள்ளைகளுக்குப் பயனுள்ள சோதனைதான். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு காரணங்களால் பொருந்தாது: திரும்பும் லாகவம் தெரியாத பிள்ளை மூச்சு இருந்தும் வெளியேறிவிடும்; அதோடு, எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவராகத் தோற்று வெளியேறுவதுதான் அந்தச் சோதனையின் அமைப்பே. அதைவிட, உலகத் தடகள அமைப்பின் சிறுவர் தடகளத்தில் உள்ள 8 நிமிட ஓட்டம் மேல். சுமார் 150 மீட்டர் வட்டம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீட்டு, அணியின் சீட்டுகள் மொத்தமாக எண்ணப்படும். கடைசியில் வரும் பிள்ளையின் சீட்டும் அணிக்குக் கணக்கு.

படி 4: எண்களைப் படிப்பது

உதாரணத்துக்கு, 9 வயதுப் பிள்ளைகள் இருவர், 200 மீட்டர் வட்டத்தில் 5 சுற்று ஓடியதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பிள்ளை: 48, 58, 66, 70, 62 வினாடி. மொத்தம் 5 நிமிடம் 4 வினாடி.
இரண்டாவது பிள்ளை: 61, 62, 63, 62, 57 வினாடி. மொத்தம் 5 நிமிடம் 5 வினாடி.

மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. சுற்றுகளைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஓட்டம். முதல் பிள்ளை கிலோமீட்டருக்கு 4 நிமிட வேகத்தில் பாய்ந்து கிளம்பியிருக்கிறது. மூன்றாவது சுற்றில் கால் கனத்துவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை, கடைசிச் சுற்றில் 8 வினாடி மீட்டிருக்கிறது. அந்த 62-தான் இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய எண். முதல் சுற்றை 58-ல் அடக்கியிருந்தால் மொத்த நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே வர நல்ல வாய்ப்புண்டு. இந்தப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சியை விட அவசரத்தை அடக்கும் பயிற்சிதான் தேவை.

இரண்டாவது பிள்ளைக்கு வேகத்தைப் பங்கிடும் உணர்வு ஏற்கெனவே இருக்கிறது. இந்த வயதில் அது அபூர்வம். கடைசியில் 57 என்பது கையில் இன்னும் மிச்சம் வைத்து ஓடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பயமா, கூச்சமா, இல்லை முழுசாக ஓட மனசில்லையா என்பதை எண்களிலிருந்து சொல்ல முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

55, 68, 85, அப்புறம் நடை என்று வந்தால் தூரம் அதிகமாகிவிட்டது என்று பொருள். பாதியாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

வகுப்புத் தோழர்களோடு ஒப்பிடும்போது பிறந்த மாதத்தைக் கேட்க மறக்காதீர்கள். ஒரே வகுப்பில் 11 மாத வித்தியாசம் சகஜம். 8 வயதில் அது வாழ்ந்த வாழ்நாளில் கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளி அணிகளில் வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பது இதனால்தான். முன்கூட்டியே வளர்ந்துவிடும் பிள்ளை 11 வயதில் எல்லோரையும் ஜெயிக்கும். 15-ல் மற்றவர்கள் வளர்ந்து வந்து எட்டிப்பிடிப்பார்கள். பருவ வயதுக்கு முன் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் இடையே பெரிய வித்தியாசமும் கிடையாது. 10 வயதுப் பெண் பையன்களை முந்தினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே எதை நம்புவது? ஒரு தடவை எடுத்த நேரத்தை நம்ப வேண்டாம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே வட்டத்தில், ஏறக்குறைய அதே வானிலையில் சோதனை செய்யுங்கள். சுற்றுகளுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கம் குறைகிறதா, அதே நேரத்தை முன்னைவிட நிதானமான மூச்சோடு முடிக்கிறதா, நாடி சீக்கிரம் இறங்குகிறதா, "அடுத்தது எப்போ?" என்று பிள்ளை கேட்கிறதா? மூன்று நான்கு சோதனைகளில் இவை ஒரே திசையில் போனால், திறமை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். 12 வயதுக்கு முந்தைய நேரங்களை வைத்துப் பெரியவனான பின் எப்படி ஓடுவான் என்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய எமில் ஸாட்டோபெக் முதல் பந்தயம் ஓடியபோது 18 வயது. அதுவும் வேலை பார்த்த தொழிற்சாலையில் கட்டாயப்படுத்தி ஓடவைத்தார்கள்.

படி 5: வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதில் பெரும்பகுதி விளையாட்டாகவே கழியட்டும். ஓட்டத்துக்கென்று ஒதுக்குவது வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொன்றும் அரை மணி.

முதல் நாள், ஓட்டமும் நடையும். 8–9 வயதுக்கு: முதல் இரண்டு வாரம் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஆறு முறை. அடுத்த இரண்டு வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, ஐந்து முறை. ஐந்தாம் ஆறாம் வாரம் 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, நான்கு முறை. ஏழாம் வாரம் 5 நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் 2 நிமிட நடை. எட்டாம் வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து, கடைசியில் சோதனை. ஒரு வாரம் கஷ்டப்பட்டால் அதே வாரத்தை மறுபடி செய்யுங்கள். யாரும் துரத்தவில்லை.

இரண்டாம் நாள், வேகத்தை உணரும் விளையாட்டு. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. இதில்தான் பலன் அதிகம். 200 மீட்டரை 65 வினாடியில் ஓடச் சொல்லுங்கள், கடிகாரம் இல்லாமல். யார் 65-க்கு மிக அருகில் வருகிறாரோ அவர் ஜெயித்தார். 50-ல் வந்தவர் தோற்றார். வேகமாக ஓடித் தோற்பது பிள்ளைகளுக்கு முதலில் அநியாயமாகத் தோன்றும், பிறகு இந்த விளையாட்டை விடமாட்டார்கள். மூன்று நான்கு வாரத்தில் மூன்று வினாடிக்குள் சொல்லிவைத்தாற்போல் வருவார்கள். மேலே சொன்ன முதல் பிள்ளைக்கு இதுவே மருந்து. இன்னொன்று ரயில் ஓட்டம்: ஐந்தாறு பேர் வரிசையாக மெதுவாக ஓட, கடைசியில் இருப்பவர் வேகமெடுத்து முன்னால் வந்து சேர வேண்டும்.

மூன்றாம் நாள், குறுகிய வேகம். 40 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நடந்து திரும்புதல்; லேசான மேடு இருந்தால் அதில் 30 மீட்டர் நான்கு முறை; கயிறு தாண்டுதல் 30 வினாடி ஐந்து முறை. நீண்ட தூர ஓட்டக்காரருக்கு இது எதற்கு என்றால், கால் தரையில் பட்டுத் தெறிக்கும் துள்ளல் இந்த வயதில்தான் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெறும் தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பிள்ளை ஒரே மந்தமான வேகத்துக்குப் பழகிவிடும்.

எல்லா விளையாட்டும் சேர்த்து, பயிற்சியாளர் வைத்துச் செய்யும் நேரம் வாரத்துக்குப் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது: 8 வயதென்றால் 8 மணி நேரம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. வருடத்தில் மொத்தம் இரண்டு மூன்று மாதம் ஓட்டப் பயிற்சியை ஓரங்கட்டிவிட்டு நீச்சலோ பந்தோ. 6–12 வயதுக்கு இரவில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம். இதில் குறைந்தால் வேறு எதைக் கூட்டியும் பயனில்லை.

படி 6: ஓடும் பாணி

இங்கே கையை வைக்காமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. திருத்தத் தக்கவை இரண்டுதான். பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுந்து தட் தட்டென்று சத்தம் கேட்டால், "சத்தம் வராமல் ஓடு" என்று மட்டும் சொல்லுங்கள். எட்டின் நீளம் தானாகக் குறையும். தலை குனிந்து பாதத்தைப் பார்த்து ஓடினால், 15 மீட்டர் முன்னால் ஒரு பொருளைக் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கால் மூச்சிழு, வாயால் விடு என்றெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாம். ஓடும்போது இரண்டாலும் மூச்சு போகட்டும். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி சிறுவனாகப் பள்ளிக்குப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஓடிய பழக்கத்தால், பெரியவரான பிறகும் இடது கை வளைந்தபடியேதான் ஓடினார். 1996, 2000 ஒலிம்பிக் 10,000 மீட்டர் தங்கம் இரண்டையும் அந்தக் கையோடுதான் வாங்கினார்.

ஓடும்போது விலாவில் சுருக்கென்று பிடித்தால் வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தி, முன்னால் சாய்ந்து நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டதோ இனிப்புப் பானம் குடித்ததோதான் பெரும்பாலும் தூண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும்.

ஷூ விஷயத்தில் வளர்வதற்கு இடம் விட்டு இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது வழக்கமான தவறு. உள்ளே கால் வழுக்கி, விரல்கள் பிடித்துக்கொள்ளப் பார்த்து, கெண்டைக்கால் வலிக்கும். நிற்கும்போது மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி போதும். விரல் மடங்கும் இடத்தில் ஷூ சுலபமாக வளைய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

படி 7: வலி வந்தால்

நொண்டினால் ஓட்டம் நிற்க வேண்டும். இதில் பேரமே இல்லை.

பிள்ளைகளுக்கு எலும்பு முனைகளில் வளரும் பகுதி இன்னும் மெத்தென்று இருக்கும். தசைநார் இழுப்பதெல்லாம் அங்கேதான். 8 வயதிலிருந்து 14 வரை குதிகால் வலி அடிக்கடி வரும். கண்டுபிடிக்க: குதிகாலை இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்துங்கள். பிள்ளை முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே புடைத்து, மண்டியிட்டால் வலிக்கும். இரண்டுமே வளர்ச்சி முடிந்தால் போய்விடும். அதுவரை ஓட்டத்தையும் குதித்தலையும் குறைத்து, வலியில்லாத அளவுக்கு நீச்சலோ சைக்கிளோ. ஒரே புள்ளியில் எலும்பைத் தொட்டாலே வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மூட்டு வீக்கம் இவற்றுக்கு மருத்துவர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். வருடத்துக்கு 5–6 சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளை 8, 9 என்று எகிறத் தொடங்கினால் வளர்ச்சிப் பாய்ச்சல் வந்துவிட்டது: பெண்களுக்கு 12 வயதையொட்டி, ஆண்களுக்கு 14 வயதையொட்டி உச்சம். அந்த மாதங்களில் நேரம் முன்னேறாது, பின்னாலும் போகும். புதிய காலுக்கு உடம்பு பழகவேண்டும். பயிற்சியைக் குறைத்துக் காத்திருங்கள். எடையைப் பற்றி, குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், ஒரு வார்த்தை பேசாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்து ஓடும் பிள்ளைக்கு எலும்பும் மாதவிடாயும் சேர்ந்து கெடும்.

படி 8: பேச்சும் முதல் பந்தயமும்

முதல் பந்தயத்துக்குப் பிள்ளை ஏற்கெனவே சிரமமில்லாமல் ஓடும் தூரத்தையே தேர்ந்தெடுங்கள். 7–8 வயதுக்கு ஒரு கிலோமீட்டர், 9–10 வயதுக்கு இரண்டு, 11–12 வயதுக்கு மூன்று என்பது பாதுகாப்பான பக்கம். முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், கூட்டம் பாயும்போது பிள்ளையும் பாய்ந்துவிடும். கூடவே ஓடுவதாக இருந்தால் ஒரு எட்டு பின்னாலேயே ஓடுங்கள், வேகத்தைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

முடித்து வந்ததும் "எத்தனாவது?" என்று கேட்டால், அதுதான் முக்கியம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "நீ பிறவி ஓட்டக்காரன்" என்ற பாராட்டும் வம்புதான்: அடுத்த முறை தோற்றால் அந்தப் பட்டம் போய்விடும் என்று ஓடவே பயப்படும். "மூணாவது ரவுண்டுல கால் வலிச்சும் நடக்காம சமாளிச்ச, பார்த்தேன்" என்பது நின்று பேசும், ஏனென்றால் அது நடந்த விஷயம். காசு கொடுத்து ஓடவைத்தால் காசு நிற்கும் அன்று ஓட்டமும் நிற்கும்.

"இன்னைக்கு ஓடலை" என்று ஒரு நாள் சொன்னால் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், பயிற்சிக்கு முன்பு மட்டும் வயிற்றுவலி வந்தால், எங்கோ அழுத்தம் இருக்கிறது. ஒரு மாதம் ஓட்டப் பேச்சையே எடுக்காமல் வேறு விளையாட்டில் விடுங்கள். ஓட்டம் பிடித்த பிள்ளை தானே திரும்பி வந்து கேட்கும்.

கோச்சிடம் சேர்ப்பதற்கு 10, 11 வயது வரை பொறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சேர்க்கும் முன் ஒரு பயிற்சியை முழுதாக உட்கார்ந்து பாருங்கள்: எல்லா வயதுக்கும் ஒரே தூரமா, கடைசியில் ஓடும் பிள்ளையிடம் யாராவது பேசுகிறார்களா, வலிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கிறது. பிறகு கோச்சிடம் ஒரே ஒரு கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள்? பதக்கப் பட்டியலைக் காட்டிப் பதில் சொன்னால், இன்னொரு இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.